தோண்டினால் போதாதா? தொல்லியல் கோட்பாட்டின் படிகளும் பள்ளிகளும்

கேள்வி: பிப்ரவரி 3, மாலை

"தொல்லியலில் கோட்பாடு என்பதெல்லாம் தோண்டத் தெரியாதவர்களின் பிழைப்பு. கவனமாகத் தோண்டு, அளந்து வரை, காலத்தைக் கணி, அறிக்கை எழுது. பொருள்கள் தாமே பேசும். பின்ஃபோர்டு பள்ளி, ஹாடர் பள்ளி என்று அடித்துக்கொள்வதால் ஒரு பானை ஓட்டின் வயதாவது மாறுகிறதா?"

பிப்ரவரி 3, இரவு

வயது மாறாது. அது எதனுடைய வயது என்பது மாறும்.

தென்னாப்பிரிக்காவின் மக்கபன்ஸ்காட் குகையைப் பாருங்கள். ஆஸ்ட்ரலோபிதிகஸ் என்ற ஆதி மனித மூதாதையின் எலும்புகளோடு அங்கே விலங்கெலும்புகள் ஏராளமாகக் கிடைத்தன. ஆய்வாளர் ரேமண்ட் டார்ட் அவற்றைப் பொறுமையாக உட்கார்ந்து எண்ணினார். மான் வகைகளின் முன்னங்கால் மேலெலும்பில் கீழ்முனைகள் குவிந்து கிடந்தன, மேல்முனைகள் மிகக் குறைவு. வால் எலும்புகளையோ தேட வேண்டியிருந்தது. இப்படி ஏறுமாறாக இருந்தால் யாரோ தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார். கீழ்முனை கனமானது, ஆகவே அது தண்டாயுதம். வால் ஏன் இல்லை? சாட்டையாக வெளியே எடுத்துப் போயிருப்பார்கள். 1957-இல் எலும்பு, பல், கொம்பு ஆகியவற்றால் ஆன ஒரு முழு ஆயுதப் பண்பாட்டையே அறிவித்தார். நம் மூதாதை கொலைகாரன் என்ற கதை அங்கிருந்துதான் ஊரெல்லாம் பரவியது.

பிறகு சி. கே. பிரெய்ன் வந்தார். அவர் போனது நமீபியாவின் குய்செப் ஆற்றங்கரைக்கு. அங்கே மக்கள் ஆட்டைத் தின்றுவிட்டு எறிந்த எலும்புகளை நாய்கள் கடித்து முடித்தபின் என்ன மிஞ்சுகிறது என்று பொறுக்கி எண்ணினார். ஏறக்குறைய அதே ஏறுமாறுதான். கீழ்முனை சீக்கிரம் கெட்டிப்படும் எலும்பு, கடித்தாலும் நிற்கும். மேல்முனை தாமதமாக ஒட்டுவது, மென்மையானது, நாய்க்கு வசதி. வால் எலும்பு பொடியாகிவிடும். யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஸ்வார்ட்கிரான்ஸ் குகையில் கிடைத்த ஓர் இளம் மண்டையோட்டின் இரண்டு துளைகள் சிறுத்தையின் கோரைப்பல் இடைவெளிக்குச் சரியாகப் பொருந்தியதையும் அவர் காட்டினார். வேட்டையாடியவன் என்று நாம் நினைத்தவன் வேட்டையாடப்பட்டவன்.

டார்ட்டின் எண்ணிக்கையில் குறை இல்லை. எலும்புக்கும் கதைக்கும் நடுவே "சமமாக இல்லையென்றால் தேர்வு நடந்திருக்கிறது" என்று ஒரு வாக்கியம் நின்றது. பிழை அங்கே. அந்த வாக்கியம் எந்தக் குழியிலும் கிடைக்காது. அதற்குத்தான் கோட்பாடு என்று பெயர். உங்களிடமும் அப்படிப்பட்ட வாக்கியங்கள் இருக்கின்றன, எழுதி வைத்ததில்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 3, நள்ளிரவு

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் ஒட்டிக் கிடக்கின்றன. படி வேறு, பள்ளி வேறு. படி என்பது விளக்கம் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது, பள்ளி என்பது ஒரே பார்வை கொண்ட ஆய்வாளர் கூட்டம்.

எதை எந்த வகையில் சேர்ப்பது, எந்த மண்ணடுக்கு முந்தியது என்பதெல்லாம் கீழ்ப்படி. இந்தத் தடயம் எந்தச் செயலால் உண்டாகும் என்பது இடைப்படி. சமூகங்கள் ஏன் மாறுகின்றன, மனிதரை நடத்துவது வயிறா அதிகாரமா நம்பிக்கையா என்பது உச்சிப்படி. பள்ளிகள் பெரும்பாலும் உச்சியில் நின்றுகொண்டு கத்துகின்றன. அதனால் கோட்பாடு என்றாலே அந்தக் கூச்சல்தான் என்று ஆகிவிட்டது. பிரெய்ன் செய்தது இடைப்படி வேலை. அதற்கு எந்தப் பள்ளியின் கொடியும் தேவைப்படவில்லை.

பிப்ரவரி 5

படிகளை விரிவாகச் சொல்லக் கேட்டிருக்கிறார்கள்.

தொல்லியலாளர் கிறிஸ்டோபர் ஹாக்ஸ் 1954-இல் ஓர் ஏணி போட்டுக் காட்டினார். பொருளைப் பார்த்து அதைச் செய்த நுட்பத்தைச் சொல்வது எளிது. எப்படிப் பிழைத்தார்கள், என்ன உண்டார்கள் என்பதும் ஓரளவு எட்டும். சமூகமும் ஆட்சியும் எப்படி அமைந்திருந்தன என்பது கடினம். எதை நம்பினார்கள் என்பது எல்லாவற்றையும்விடக் கடினம். எழுத்துச் சான்று துணைக்கு வராத காலங்களுக்காக அவர் சொன்னது இது. ஏணியின் பெயரே தெரியாதவர்கள்கூட அதில்தான் ஏறுகிறார்கள். அகழாய்வு அறிக்கைகளின் அத்தியாய வரிசையைப் பாருங்கள். மட்பாண்டம், கல், எலும்பு, அப்புறம் சமூகம், கடைசியில் இரண்டு பக்கம் சமயம்.

எனக்கு ஹாக்ஸைவிட டேவிட் கிளார்க் பயன்பட்டார். 1973-இல் ஆன்டிக்விட்டி இதழில் ஒரு கட்டுரை எழுதினார். மூன்றே ஆண்டுகளில், 38 வயதில் இறந்தும்போனார். அவர் கணக்கு இப்படிப் போகும். மனிதர் செய்ததில் ஒரு பகுதிதான் தடயம் விடும். தடயத்தில் ஒரு பகுதிதான் மண்ணுக்குள் போகும். போனதில் ஒரு பகுதி அழுகும், நகரும், எலி வளையில் இறங்கும். எஞ்சியதில் நாம் தோண்டுவது கொஞ்சம். தோண்டியதில் ஆய்வுக்கூடத்தில் பார்ப்பது இன்னும் கொஞ்சம். அதற்குப் பிறகுதான் விளக்கம். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிக் கோட்பாடு வேண்டும் என்றார், தோண்டி எடுப்பதற்கும் சேர்த்து. "கவனமாகத் தோண்டு" என்று நீங்கள் ஒரே மூச்சில் சொன்னது அவருக்கு ஒரு முழுப் பிரிவு.

சல்லடையை வைத்துச் சொல்கிறேன். சல்லடைக் கண் பெரிதாக இருந்தால் மாட்டெலும்பு நிற்கும், மீன் முள்ளும் குருவி எலும்பும் மண்ணோடு போய்விடும். "இங்கே வாழ்ந்தவர்கள் பெரிய விலங்குகளையே நம்பியிருந்தார்கள்" என்று அறிக்கை எழுதுவார்கள். அது அந்த மக்களைப் பற்றிய செய்தி இல்லை, கம்பி வலையைப் பற்றிய செய்தி. கண் சிறிய சல்லடையை எப்போது எடுப்பீர்கள்? மீன் இருக்கலாம் என்ற சந்தேகம் முன்கூட்டியே இருந்தால். அந்தச் சந்தேகம் மண்ணிலிருந்து வருவதில்லை.

நான் வேலை செய்த ஓர் அகழாய்வில் மண்ணடுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவுத்தாள். "தரை", "குழி நிரப்பு", "குப்பை", "இடிபாடு" என்று கட்டங்கள், ஒன்றில் டிக் போட வேண்டும். "தெரியவில்லை" என்பதற்குக் கட்டமே கிடையாது. வெயிலில் மண்டியிட்டுக்கொண்டு, பின்னால் அடுத்த அடுக்குக்கு ஆள் காத்திருக்க, கெட்டியாகத் தட்டுப்பட்டதையெல்லாம் "தரை" என்று போட்டோம். பிறகு யாரோ தரைகளை எண்ணி வீடுகளை எண்ணினார்கள், வீடுகளை எண்ணி மக்கள்தொகை சொன்னார்கள். அந்தத் தாளை அச்சடித்தவர்தான் எங்கள் எல்லோரையும்விடப் பெரிய கோட்பாட்டாளர். அவருக்கு அது தெரிந்திருக்காது.

பிப்ரவரி 5, பின்னிரவு

"அறிவியல் என்றால் விதி வேண்டாமா?" என்று ஒருவர். வேண்டும் என்றுதான் 1960-களில் பலர் கிளம்பினார்கள். தத்துவவாதி ஹெம்பலைப் படித்துவிட்டு, எல்லாவற்றையும் பொதுவிதிக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்றார்கள். 1973-இல் தொல்லியலாளர் கென்ட் ஃபிளானரி அவர்களைக் கிண்டலடித்தார். இப்படி உழைத்துக் கிடைக்கும் விதி எப்படி இருக்கும்? "ஓர் ஊரில் மக்கள்தொகை பெருகினால் தானியக் குழிகளின் எண்ணிக்கையும் பெருகும்." இவற்றுக்கு அவர் வைத்த பெயர் மிக்கி மவுஸ் விதிகள். ஃபிளானரி எதிர்முகாம்காரர் இல்லை, விதி தேடிக் கிளம்பிய அதே "புதிய தொல்லியல்" பள்ளியில் வளர்ந்தவர். உள்வீட்டுக் கிண்டலுக்கு வலி அதிகம்.

பிப்ரவரி 8

பள்ளிகள். இதைச் சுருக்கமாக முடிக்கிறேன், எந்தப் பாடநூலிலும் கிடைக்கும்.

முதலில் பண்பாட்டு வரலாறு. சில வகைப் பானை, கருவி, அணிகலன், புதைக்கும் முறை, வீட்டமைப்பு ஆகியவை திரும்பத் திரும்பச் சேர்ந்தே வந்தால் அது ஒரு பண்பாடு. 1929-இல் கார்டன் சைல்டு தந்த வரையறை இது. பண்பாடு என்றால் ஒரு மக்கள் கூட்டம், மாற்றம் என்றால் இடப்பெயர்வு அல்லது பரவல். இதே கருவியை ஜெர்மனியில் குஸ்டாஃப் கொசின்னா இனப்பெருமைக்குத் திருப்பினார், அவர் இறந்தபின் நாஜிகள் அதை எடுத்துக்கொண்டார்கள். சைல்டோ மார்க்சியர்.

அடுத்து புதிய தொல்லியல், பிற்காலத்தில் செயல்முறைவாதம். லூயிஸ் பின்ஃபோர்டின் 1962 கட்டுரை தொடக்கம். யார் வந்தார், யார் போனார் என்று பட்டியல் போடாதே, அமைப்பு எப்படி இயங்கியது, சூழலுக்கு எப்படித் தகவமைந்தது என்று கேள் என்றார்கள்.

1980-களில் அதற்கு எதிர்வினையாகப் பின்செயல்முறைவாதம், முன்னணியில் இயன் ஹாடர். பொருள் வெறும் தகவமைப்புச் சாதனம் இல்லை, அதற்கு அர்த்தம் உண்டு, அதை வைத்து மனிதர் ஒருவரோடு ஒருவர் பேரம் பேசுகிறார்கள், தோண்டுபவரும் வெற்றிடத்தில் நிற்கவில்லை என்றார்கள்.

ஒன்று போய் அடுத்தது வந்தது போல இந்த வரிசை தோன்றும். நடைமுறையில் மூன்றும் ஒரே அறிக்கைக்குள் குடித்தனம் நடத்துகின்றன. மட்பாண்ட அத்தியாயத்தில் சைல்டு, எலும்பு அத்தியாயத்தில் பின்ஃபோர்டு, முன்னுரையில் ஹாடர்.

பிப்ரவரி 9

இனிமேல்தான் எனக்குப் பிடித்த சண்டை. கோட்பாடு வீண் என்பவர்களிடம் நான் எடுத்துப் போடுவது இதைத்தான்.

பிரான்சின் தென்மேற்கே கோம்ப் கிரெனால் என்ற இடம். 1950-களிலும் 60-களிலும் பிரான்சுவா போர்ட் அங்கே தோண்டினார். 60-க்கும் மேற்பட்ட மண்ணடுக்குகள், பெரும்பாலானவை நியாண்டர்தால் மனிதரின் முஸ்தேரியன் என்ற கல் கருவி மரபோடு. போர்ட் செதில் கருவிகளுக்கு 63 வகைகள் கொண்ட பட்டியல் வைத்திருந்தார். தானே கல் உடைத்துக் கருவி செய்யக்கூடியவர், கை சுத்தம். ஒவ்வோர் அடுக்கிலும் எந்த வகை எத்தனை விழுக்காடு என்று போட்டுப் பார்த்தால் சில குறிப்பிட்ட சேர்க்கைகளே மாறிமாறி வந்தன. ஒன்றில் சுரண்டிகள் மிகுதி, இன்னொன்றில் பல்முனைக் கருவிகள், மற்றொன்றில் கைக்கோடரிகள்.

போர்ட் சொன்ன விளக்கம்: இவை வெவ்வேறு குலங்கள். மாறிமாறி அதே குகைக்கு வந்தன, ஒவ்வொன்றும் தன் மரபைத் தக்கவைத்துக்கொண்டது.

1966-இல் லூயிஸ் பின்ஃபோர்டும் சாலி பின்ஃபோர்டும் அதே மாதிரித் தரவுகளைக் காரணிப் பகுப்பாய்வில் (எவை சேர்ந்தே கூடிக் குறைகின்றன என்று பார்க்கும் புள்ளியியல் முறை) போட்டார்கள். குலமும் இல்லை, கோத்திரமும் இல்லை, வேலைதான் வேறு என்றார்கள். ஓரிடத்தில் தோல் பதப்படுத்தினார்கள், ஓரிடத்தில் மரம் செதுக்கினார்கள், ஓரிடத்தில் இறைச்சி அறுத்தார்கள். ஒரே மக்கள், வெவ்வேறு கருவிப்பெட்டிகள்.

பால் மெல்லர்ஸ், இரண்டு பேரும் காலத்தை மறந்துவிட்டீர்கள் என்றார். இந்த வகைகளில் சில ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக வருகின்றன, மாறிமாறி வருவதாக நினைப்பது சரியில்லை என்பது அவர் கட்சி.

1980-களில் ஹெரால்ட் டிபிள் வந்து விளையாட்டுப் பலகையையே திருப்பினார். சுரண்டி மழுங்கினால் என்ன செய்வார்கள்? ஓரத்தை மறுபடி தட்டிக் கூராக்குவார்கள். ஓர் ஓரம் தீர்ந்தால் அடுத்த ஓரம். இரண்டும் சேரும்வரை தட்டினால் முனை கூம்பும். போர்ட் பட்டியலில் தனித்தனி வகைகளாக நிற்கும் பல சுரண்டிகள் ஒரே கருவியின் இளமையும் முதுமையும். அப்படியென்றால் சுரண்டி வகைகளின் விழுக்காடு குலத்தைக் காட்டவில்லை. கல் எவ்வளவு தட்டுப்பாடாக இருந்தது, எவ்வளவு நாள் அதே கருவியை ஓட்டினார்கள் என்பதைக் காட்டுகிறது.

கல் அதே கல். நான்கு தரப்பாரும் நேர்மையாக எண்ணினவர்கள். இதில் எது "தாமே பேசியது" என்று சொல்லுங்கள்.

பிப்ரவரி 10

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். மூன்றாம் தேதி எழுதியதோடு அது முழுதாக ஒட்டவில்லை. டார்ட் கதையில் எண்ணிக்கை சரி, நடுவாக்கியம் பிசகு என்றேன். டிபிள் கதையில் எண்ணிக்கைக்கே முன்னால் போக வேண்டியிருக்கிறது. 63 வகை என்று பிரித்தபோதே, ஒவ்வொரு வடிவத்தையும் செய்தவன் மனதில் முன்கூட்டி வைத்திருந்தான் என்ற நம்பிக்கை பட்டியலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. பின்ஃபோர்டு அந்தப் பட்டியலை அப்படியே வாங்கிக்கொண்டுதான் அதன்மேல் சண்டை போட்டார். உச்சியில் எதிரெதிர், அடித்தளத்தில் கூட்டாளிகள்.

ஆக, இடைப்படியைக் கெட்டிப்படுத்தினால் எல்லாம் சரியாகும் என்று நான் தந்த தொனியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். அலுப்பூட்டும் வகைப்பாட்டுப் பட்டியலில்தான் சில நேரம் பெரிய கோட்பாடு ஒளிந்திருக்கிறது. யாரும் அதை விவாதிப்பதில்லை, பின்னிணைப்பில் இருக்கும்.

பிப்ரவரி 10, மாலை

"டிபிள் சொன்னதுதான் கடைசி வார்த்தையா?" இல்லை. மறுபடி கூராக்குவதால் எல்லா வேறுபாட்டையும் விளக்க முடியாது. கைக்கோடரி உள்ள சேர்க்கை, பல்முனைக் கருவிச் சேர்க்கை எல்லாம் சுரண்டிக் கணக்கில் அடங்குவதில்லை. மெல்லர்ஸுக்கும் இன்னும் ஆதரவாளர்கள் உண்டு.

பிப்ரவரி 14

பின்ஃபோர்டை நான் திட்டுவதாக ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். இல்லை, அவருடைய ஆகச் சிறந்த வேலையை இன்னும் சொல்லவில்லை.

முஸ்தேரியன் சண்டையில் ஜெயிக்க முடியாமல் அவர் 1969-இல் அலாஸ்காவுக்குப் போனார், நுனாமியுட் வேட்டைக்காரர்களிடம். எந்தச் செயல் எந்தத் தடயத்தை விடும் என்று தெரியாமல் கருவிப்பெட்டி என்றெல்லாம் பேசிப் பயனில்லை என்று புரிந்துகொண்டார். வேட்டைக்காரர்கள் கரிபூ (காட்டுக் கலைமான்) வருகிறதா என்று பார்த்தபடி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஓர் இடத்தில், எது எங்கே விழுகிறது என்று குறித்தார். சில்லுகள் காலடியில் விழும். பெரிய எலும்பைத் தோளுக்குப் பின்னாலோ நெருப்புக்கு அந்தப் பக்கமோ எறிவார்கள். காற்று திசை மாறிப் புகை முகத்தில் அடித்தால் ஆள் திரும்பி உட்கார்ந்து பக்கத்திலேயே புது நெருப்பு மூட்டுவார்.

இதை எடுத்துக்கொண்டு பிரான்சின் பன்சவாங் தளத்துக்குத் திரும்பினார். பனிக்காலக் கலைமான் வேட்டைக்காரர்களின் முகாம் அது, ஆந்த்ரே லெரோ-குரான் மிக நுணுக்கமாகத் தோண்டிய இடம். மூன்று அடுப்புகளை மூடிய கூடாரம் ஒன்றை லெரோ-குரான் வரைந்திருந்தார். பின்ஃபோர்டு அந்த வரைபடத்தில் காலடிச் சில்லு வளையத்தையும் எறிந்த எலும்பு வளையத்தையும் பார்த்தார். கூடாரத்துக்குள் தோளுக்குப் பின்னால் எலும்பை எறிய முடியாது. திறந்தவெளி, காற்றுக்குத் திரும்பி உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். தானே ஒரு குழிகூடப் போடாமல் கூடாரத்தைப் பிரித்துவிட்டார்.

இப்போது ஹாடர். அவரும் வாழும் மக்களிடம்தான் போனார், கென்யாவின் பரிங்கோ பகுதிக்கு. இரண்டு கூட்டங்கள் அதிகம் பழகினால் அவர்களின் பொருள்கள் ஒத்துப்போகும் என்பது அதுவரை எல்லோரும் எடுத்துக்கொண்ட விதி. பரிங்கோவில் எல்லை தாண்டிப் பழகினார்கள், மணமுடித்தார்கள், ஆனால் காதணி போன்றவை எல்லைக்கோட்டில் சட்டென்று மாறின. போட்டி கடுமையாக இருந்த இடத்தில் வேறுபாடும் கூடுதலாகத் தெரிந்தது. அதேசமயம் இளைஞர்களின் ஈட்டி வகைகள் எல்லை தாண்டிப் போயின, முதியவர்களின் பிடிக்கு எதிரான ஓர் இளைஞர் அடையாளமாக. 1982-இல் இதை எழுதினார், அங்கிருந்துதான் அவர் பழைய முகாமை விட்டு விலகினார்.

இருவரும் ஒரே முறையைத்தான் பின்பற்றினார்கள்: வாழும் மக்களோடு இரு, பொருளைக் கவனி. வந்து சேர்ந்த பள்ளிகளோ எதிரெதிர். என் அனுமானம் இது. பின்ஃபோர்டு பார்த்தது எலும்பும் சாம்பலும், யாரும் யாருக்கும் காட்டுவதற்காகச் செய்யாதவை. அங்கே உடம்பும் காற்றும்தான் ஆட்சி. ஹாடர் பார்த்தது காதணியும் ஈட்டியும், காட்டுவதற்கென்றே இருப்பவை. அங்கே அர்த்தம்தான் ஆட்சி. எலும்புக்காரர்கள் செயல்முறைவாதிகளாகவும் கல்லறைக்காரர்கள் அர்த்தவாதிகளாகவும் ஆவது படித்த நூலால் மட்டுமில்லை, கையில் உள்ள பொருள் அவர்களை அந்தப் பக்கம் தள்ளுகிறது. தன் பொருளுக்குப் பொருந்தியது எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் என்று இரு சாராரும் நினைப்பதில்தான் வம்பு.

பிப்ரவரி 15

"அப்படியானால் ஆளுக்கொரு உண்மை, எதை வேண்டுமானாலும் சொல்லலாம்?" இந்தக் கேள்வி வராமல் எந்தக் கோட்பாட்டு இழையும் முடிந்ததில்லை.

கிரேட் ஜிம்பாப்வேயைப் பாருங்கள். அந்தக் கற்கோட்டைகளை ஆப்பிரிக்கர்கள் கட்டியிருக்க முடியாது, ஃபினீசியர்களோ அரபியர்களோதான் கட்டியிருப்பார்கள் என்பது காலனிய நம்பிக்கை. 1902 முதல் ரிச்சர்ட் ஹால் என்ற காப்பாளர் அங்கே "சுத்தம்" செய்தார். ஆப்பிரிக்கர் பிற்காலத்தில் போட்ட குப்பை என்று சொல்லி, பல அடி மண்ணை அள்ளி வெளியே கொட்டினார். உண்மையான சான்று அந்தக் குப்பைதான். உச்சிப்படி நம்பிக்கை நேராக இறங்கி மண்வெட்டியைப் பிடித்த தருணம் அது.

ஆனாலும் 1905-இல் தொல்லியலாளர் ராண்டல்-மக்கைவர், கட்டியவர்கள் ஆப்பிரிக்கரே என்றார். 1929-இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன், கலையாத மண்ணடுக்குகளைத் தேடித் தோண்டி அதை உறுதிப்படுத்தினார். அவரும் அதே பிரிட்டிஷ் பேரரசின் குடிமகள்தான். மண் அவரை வேறு பக்கம் இழுத்தது, அவரும் போனார். அந்நாட்டை அன்று ஆண்ட வெள்ளையரின் ரொடீசிய அரசு மட்டும் 1970-களிலும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சூழலில்தான் பீட்டர் கார்லேக் என்ற தொல்லியலாளர் நாட்டை விட்டே வெளியேறினார்.

தோண்டுபவரின் அரசியல் உள்ளே வரும் என்று பின்செயல்முறைவாதிகள் சொன்னது சரி. மண் எதிர்த்து நிற்கும் என்று மற்றவர்கள் சொன்னதும் சரி. தத்துவவாதி அலிசன் வைலி இதை அழகாகச் சொன்னார். தொல்லியல் வாதம் சங்கிலி இல்லை, வடம். சங்கிலியில் ஒரு கண்ணி போனால் எல்லாம் போச்சு. வடத்தில் ஒவ்வொரு புரியும் தனியாகப் பார்த்தால் பலவீனம், ஆனால் அவை வெவ்வேறு இடங்களிலிருந்து வந்து முறுக்கிக்கொண்டால் தாங்கும். கார்பன் தேதிக்குத் தேவையான இயற்பியல், பானை வகைப்பாட்டை நம்பியில்லை. எலும்பு பற்றிய அறிவு இரண்டையும் நம்பியில்லை. மூன்றும் ஒரே பக்கம் காட்டினால் அது தற்செயல் என்பது கடினம்.

பிப்ரவரி 16

குப்பை என்றதும் ஞாபகம் வந்தது. 1973-இல் அரிசோனா பல்கலைக்கழகத்தின் வில்லியம் ராத்ஜே, சமகால வீட்டுக் குப்பைகளைத் தொல்லியல் முறைப்படி பிரித்தார். எவ்வளவு பீர் குடிப்பீர்கள் என்று வீட்டில் கேட்டால் ஒரு பதில், குப்பையில் கிடந்த காலிப் புட்டிகளில் இன்னொரு பதில், இரண்டாவது பெரும்பாலும் பெரிது. எழுத்துச் சான்று இருந்தால் கோட்பாடு வேண்டாம் என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பிப்ரவரி 20

பாலினத் தொல்லியல் எந்தப் படி என்று கேட்டவருக்கு: உச்சியில் தொடங்கி இடைப்படியில் அடித்தது. சுவீடனின் பிர்காவில் 1878-இல் தோண்டிய ஒரு கல்லறையில் வாள், கோடரி, அம்புகள், இரண்டு குதிரைகள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் அது வீரன் ஒருவனின் கல்லறை. எலும்பைப் பார்த்தவர்கள் பெண்ணாக இருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. 2017-இல் டி.என்.ஏ. பெண் என்றது. உடனே "வாள் அருகில் இருந்தால் போர்வீரர் என்று ஆகிவிடுமா?" என்று கேள்விகள் எழுந்தன. நல்ல கேள்விதான். ஆணாக இருந்த வரைக்கும் அது யாருக்கும் தோன்றவில்லை.

பிப்ரவரி 27

மரபணு வந்துவிட்டது, இனி பள்ளிகள் மூட வேண்டியதுதான் என்கிறார் புதிதாக வந்த ஒருவர். 2015-இல் வந்த முடிவுகளைக் காட்டுகிறார். கயிற்றுப் பதிப்புப் பானைப் பண்பாட்டினர் என்று ஜெர்மனியில் சோதித்தவர்களின் மரபில் சுமார் 75 விழுக்காடு கருங்கடலுக்கு வடக்கே உள்ள புல்வெளிப் பகுதியிலிருந்து வந்தது. ஆக இடப்பெயர்வு உண்டு, சைல்டு சொன்னது சரி, கதை முடிந்தது என்கிறார்.

2018 முடிவுகளையும் சேர்த்துப் படியுங்கள். மணி வடிவக் குவளைகள் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பரவின. ஐபீரியாவில் (ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதி) அந்தக் குவளையோடு புதைக்கப்பட்டவர்களுக்கும் மத்திய ஐரோப்பாவில் அதே குவளையோடு புதைக்கப்பட்டவர்களுக்கும் மரபணு உறவு மிகக் குறைவு. அங்கே குவளை நடந்திருக்கிறது, மக்கள் நடக்கவில்லை. பிரிட்டனிலோ குவளை வந்த சில நூற்றாண்டுகளில் மரபில் சுமார் 90 விழுக்காடு மாறிவிட்டது. அங்கே மக்களே வந்திருக்கிறார்கள். ஒரே பொருள், இரண்டு இடத்தில் இரண்டு கதை. பானை என்றால் மக்கள் என்ற பழைய சமன்பாடும் விழுந்தது, பானை ஒருபோதும் மக்களைக் காட்டாது என்ற எதிர்ச்சமன்பாடும் விழுந்தது. இரண்டையும் கைவிட்டு இடத்துக்கு இடம் கேட்கச் சொல்கிறது மரபணு.

இன்னொன்றும் கவனியுங்கள். மரபணுக் கட்டுரைகள் மாதிரிகளுக்கு வைக்கும் பெயர்களே பழைய பண்பாட்டுப் பெயர்கள்தான். போர்ட்டின் பட்டியலைப் பின்ஃபோர்டு வாங்கிக்கொண்ட அதே கதை.

மார்ச் 2

கேள்வி கேட்டவரே திரும்பி வந்திருக்கிறார். "ஹாக்ஸின் ஏணியாவது நிற்குமா?" என்கிறார்.

ஆடுகிறது. இங்கிலாந்தின் ஹேசில்டன் நார்த் கல்லறை மேடு, சுமார் 5,700 ஆண்டுப் பழமை, 1979 முதல் 1982 வரை தோண்டியது. அங்கே 35 பேரின் மரபணுவைப் பார்த்து 2021 இறுதியில் முடிவு வெளியிட்டார்கள். 27 பேர் ஒரே குடும்பம், ஐந்து தலைமுறை. ஓர் ஆண், அவனுக்கு நான்கு பெண்கள் வழியாகப் பிறந்த சந்ததி. கல்லறையின் வடக்கு அறையில் யார், தெற்கு அறையில் யார் என்பது அந்த நான்கு தாய்களில் யார் வழி என்பதைப் பொறுத்து அமைந்திருக்கிறது. ஹாக்ஸ் கணக்கில் இது மூன்றாம் படி, கடினமான படி. 1960-களில் அமெரிக்கத் தென்மேற்கில் லாங்கேக்கரும் ஹில்லும் பானைச் சித்திரங்கள் எந்த அறையில் குவிகின்றன என்று பார்த்து, மகள்கள் தாய்வீட்டிலேயே தங்கினார்கள் என்று ஊகிக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை. இங்கே உறவுமுறை கிட்டத்தட்ட நேராகவே வருகிறது, அதே மக்கள் அன்றாடம் என்ன செய்தார்கள் என்பதைவிடத் தெளிவாக.

"கிட்டத்தட்ட" என்று போட்டதற்குக் காரணம் உண்டு. அந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு வேறு ஆண்கள் வழியாகப் பிறந்த மகன்களும் அதே கல்லறையில் இருக்கிறார்கள். தந்தைவழி ரத்தம் இல்லை, இருந்தும் வம்சத்தில் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். மரபணு அவர்கள் யார் பிள்ளை இல்லை என்று சொல்லும். அவர்களை அங்கே வைத்தது ஏன் என்று கேட்கும்போது பின்ஃபோர்டால் அதிகம் உதவ முடியாது, ஹாடரை எடுத்துப் புரட்ட வேண்டியிருக்கும்.